பக்கத்து ஷெட்காரன்

அந்த ஷெட் பூட்டித்தான் சார் கிடக்கு. தட்டாதீங்க, உள்ளே ஆள் கிடையாது. சவரிமுத்துவைத்தானே தேடி வந்தீங்க? தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் பார்க்க? நினைச்சேன். இப்போ இந்தத் தெருவுக்குள்ள புது ஆள் யார் வந்தாலும் ஒண்ணு பேங்க்காரன், இல்லேன்னா பழைய மெஷின் வாங்க வர்றவன். நீங்க பேங்க் இல்லைன்னு செருப்பைப் பார்த்தாலே தெரியுது.

இப்படி நிழல்ல வந்து உட்காருங்க. சாவி அவன்கிட்டதான் இருக்கு. இப்போ வல்லம் பக்கம் ஒரு கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கான். போன்ல சொல்லியிருக்கீங்களா? அப்போ வருவான். பர்மிஷன் சொல்லி, பஸ் பிடிச்சு, நடந்து வரணும். நேரமாகும். டீ சாப்பிடுவீங்கல்ல? ஏய் பவுனு, டீக்கடைக்கு ஒரு குரல் குடு. ரெண்டு.

என் பேரு எத்திராஜுலு. இது என் ஷெட். ரப்பர் வேலை. கார் கதவைத் திறந்தா சுத்திவர கறுப்பா ஒரு ரப்பர் ஓடும் பாருங்க, மழைத் தண்ணி உள்ளே வராம இருக்க? பீடிங்னு சொல்வோம். அதைச் செய்றேன். அவன் தகடு அடிச்சான். சீட்டுக்கு அடியில, கதவுக்குள்ள வர்ற பிராக்கெட் எல்லாம் அவன். ரெண்டு பேரும் சப்ளை பண்ணது ஒரே இடத்துக்கு, வெல்காட் கார் கம்பெனிக்கு. நடுவுல இந்த ஒரு சுவர்தான். அவன் பிரஸ் ஓடினா என் டேபிள் மேல இருக்கிற டம்ளர் ஆடும்.

எந்த ஊரு நீங்க? ஓசூரா? ஓசூர்ல இல்லாத பிரஸ்ஸா சார், திருமுடிவாக்கம் வரைக்கும் வர்றீங்க? சரி சரி, சும்மாதான் கேட்டேன். கோவிச்சுக்காதீங்க. கேட்டுத் தெரிஞ்சுக்கிறது என் பழக்கம். என் வீட்டுக்காரி ஆண்டாளு சொல்லுவா, "உங்களுக்கு ஒருத்தன் குடிக்கத் தண்ணி கொடுத்தா, இவன் வீட்டுக் கிணத்துல என்ன கோளாறுன்னு கேப்பீங்க"ன்னு. கேட்டா என்ன தப்பு? கேக்காம குடிச்சவன்தானே ஆஸ்பத்திரியில படுத்திருக்கான்?

மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி ஆள் எப்படின்னு தெரிஞ்சுக்கிறது நல்லது. அதனால சொல்றேன். இல்லாததை ஒண்ணும் சொல்ல மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

மந்தம் வந்துச்சுல்ல, அந்த வருஷம். கார் எவனும் வாங்கலை. ஹைவேயில போனா வெல்காட் யார்டு தெரியும். புதுக் கார் வரிசை வரிசையா நிக்கும், கண்ணாடி மேல தூசி அப்பியிருக்கும். எவனோ ஒருத்தன் உள்ளே பூந்து அந்தத் தூசியில விரலால பேர் எழுதிட்டு வந்திருந்தான். அந்த இடம் வந்தா நான் ஸ்கூட்டரை வேகமா விட்டுடுவேன். அந்தக் கதவு ஒவ்வொண்ணுலயும் என் ரப்பர் இருக்குல்ல.

முதல்ல, சப்ளையைப் பாதியாக் குறைங்கன்னாங்க. அப்புறம், சொல்றப்போ கொடுத்தா போதும்னாங்க. அப்புறம் சொல்லவே இல்லை. ஏற்கெனவே போட்ட சரக்குக்கும் பணம் வரலை. போன் பண்ணா, "மேலே பேசிக்கிட்டிருக்காங்க சார்." மேலேன்னா எங்கப்பா? மாடியா, வெளிநாடா, ஆகாசமா?

ஒரு நாள் பேப்பர்ல வந்துச்சு. கவர்மெண்ட் கைகொடுத்தா நடத்துறோம், இல்லேன்னா மூடிட்டுப் போறோம்னு கம்பெனி சொல்லிடுச்சுன்னு. வரியைத் தள்ளுபடி பண்ணணுமாம். புதுசா வாங்குற கடனுக்கு கவர்மெண்டே ஜாமீன் நிக்கணுமாம். எப்படி இருக்கு கதை? நான் வீட்டு லோன் வாங்கப் போனப்போ என் சொந்தத் தம்பி ஜாமீன் போடலை சார். இவனுக்கு கவர்மெண்ட் போடணுமாம்.

கவர்மெண்ட் ஒரு கமிட்டி போட்டுச்சு. கொடுக்கலாமா வேண்டாமான்னு தொழிலாளி, டீலர், எங்களை மாதிரி பார்ட்ஸ் செய்றவங்க எல்லாரையும் கூப்பிட்டுக் கேக்கிறதுக்கு.

இங்கதான் சவரி வர்றான். எங்க சப்ளையர் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். ஓடுறான் சார், ஒவ்வொரு ஷெட்டா. "எல்லாரும் ஒரே குரல்ல, கம்பெனிக்குக் கொடுங்கன்னு சொல்லணும்யா. அவன் விழுந்தா நாம அடியில மாட்டிக்குவோம்"னு. என்கிட்டயும் வந்தான். நீங்க உட்கார்ந்திருக்கிற அதே ஸ்டூல்லதான் உட்கார்ந்தான்.

"எத்திராஜு, கமிட்டி முன்னாடி நீயும் பேசணும்."

"நான் எதுக்கு? நீதானே செயலாளர்."

"நான் பேசினா கம்பெனி ஆளுன்னு நினைப்பாங்கய்யா. நீ பேசினா எடுபடும்."

பார்த்தீங்களா? அவன் வாயாலேயே வந்துடுச்சு. கம்பெனி ஆளுன்னு நினைப்பாங்களாம். ஒண்ணும் இல்லாம எவனாவது அப்படி நினைப்பானா? நான் விடலை. "லாபம் கொட்டுறப்போ, 'இந்தாய்யா எத்திராஜு, உன் ரப்பராலதான் இது'ன்னு எனக்கு ஏதாவது கொடுத்தானா? வருஷா வருஷம் விலையைக் குறை, விலையைக் குறைன்னுதானே கழுத்தைப் பிடிச்சான்? இப்போ நஷ்டம் வந்தா மட்டும் ஊர்ப் பணமா?"ன்னு கேட்டேன்.

"நீ சொல்றது நியாயம்தான்"ங்கிறான். ஒத்துக்கிட்டான்! சண்டை போடுறவன் ஒத்துக்குவானா?

"மூலையில டிபன் கடை போட்டிருந்துச்சே ஒரு பொம்பளை, கடையை மூடிட்டு ஊருக்குப் போச்சு. அதுக்கு எவனாவது கமிட்டி போட்டானா?"

"அது ஏன் மூடுச்சு? நம்ம ஆளுங்க சாப்பிட வரலை. நம்ம ஆளுங்க ஏன் வரலை? நமக்கு வேலை இல்லை. நமக்கு ஏன் வேலை இல்லை? மேலே அவன் நின்னுட்டான். கம்பெனிக்காரனுக்காகவா நான் கேக்கிறேன்? அவன் எங்கேயோ போய்ப் பொழைச்சுக்குவான்யா. டிபன் கடை போகுமா?"

பேச்சு நல்லாத்தான் இருக்கும். அவன் பேசினா மறுத்துச் சொல்ல சட்டுனு வாயில எதுவும் வராது. அதனாலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு. நேர்மையான ஆளுக்கு இவ்வளவு தெளிவாப் பேச்சு வராது சார். திக்கும்.

யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன். அன்னையிலேருந்து கவனிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல பார்த்தது, கம்பெனி கேட்டுக்கு வெளியே. பர்ச்சேஸ் மேனேஜர் காருக்குள்ள இருக்கான், இவன் கதவு மேல கை வெச்சுக் குனிஞ்சு பேசுறான். ரொம்ப நேரம். கிளம்புறப்போ மேனேஜர் சிரிச்சான். நஷ்டத்துல கிடக்கிற கம்பெனி மேனேஜர், பணம் வராத சப்ளையரைப் பார்த்து எதுக்குச் சார் சிரிக்கணும்? வீட்டுல வந்து சொன்னேன். ஆண்டாளு, "பின்னே அழணுமா?"ன்னா. அவளுக்கு உலகம் தெரியாது.

அடுத்து, சத்தம். காருக்கு ஆர்டரே இல்லை. தெருவே செத்துக் கிடக்கு. இவன் பிரஸ் மட்டும் டொக்கு டொக்குனு ஓடுது, என் டேபிள்ல டம்ளர் ஆடுது. என்னத்தை அடிக்கிறான்? யாருக்கு அடிக்கிறான்?

உங்க ஷெட் ஓடலையான்னு கேப்பீங்க. ஓடுச்சு. அது வேற. எனக்குக் கோயம்புத்தூர்ல ஒரு பார்ட்டி கிடைச்சிருந்தது. பம்ப் செட் கம்பெனி. நான் தேடிப் போகலை சார், அவங்களே போன் பண்ணாங்க. "ரப்பர் வாஷர் நல்லாச் செய்வீங்கன்னு கேள்விப்பட்டோம்"னு. சாம்பிள் அனுப்பினேன், ஒரே தடவையில ஓகே. இத்தனை வருஷமா ஒரு பீஸ் திரும்பி வராம செஞ்சிருக்கேன், அந்தப் பேரு கோயம்புத்தூர் வரைக்கும் போயிருக்கு பாருங்க. நான் யாருக்கும் சொல்லலை. முக்கியமா பக்கத்து ஷெட்டுக்குச் சொல்லலை. பெட்டி மேல அட்ரஸ்கூட வெளியே தெரியாம சாக்கு சுத்தித்தான் அனுப்புவேன். அதோ உட்கார்ந்து ரப்பர் பிசிறு வெட்டுறாளே பவுனு, அவகிட்டகூட எந்த ஊருக்குப் போகுதுன்னு சொல்லலை.

என்ன சிரிப்பு பவுனு? வேலையைப் பாரு. காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா.

டீ வந்துடுச்சு, எடுத்துக்குங்க. சூடா இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் அவன் ஷெட்டுலேருந்து ஒரு குட்டியானை வண்டி கிளம்புது. சரக்கு நிறைய, மேலே தார்ப்பாய் கட்டி. நான் ஸ்கூட்டரை எடுத்தேன். சாப்பாட்டை மூடி வெச்சுட்டுப் பின்னாடியே போனேன். என்ன வெயில் தெரியுமா? போரூர் நெரிசல்ல ரெண்டு தடவை விட்டுட்டுப் பிடிச்சேன். கடைசியில ஒரு பார்சல் ஆபீஸ் வாசல்ல போய் நின்னுச்சு. நான் ஒரு லாரிக்குப் பின்னாடி மறைஞ்சு நின்னு பார்க்கிறேன். பெட்டி இறங்குது. பெட்டி மேல பெரிசா எழுதியிருக்கு. கோயம்புத்தூர். அந்தப் பம்ப் கம்பெனி பேரு. என் பார்ட்டி பேரு!

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு சார். என் பார்ட்டி. நான் மூடி மூடி வெச்ச பார்ட்டி. எப்படியோ மோப்பம் பிடிச்சு உள்ளே பூந்துட்டான். இன்னைக்கு பிராக்கெட் கொடுப்பான், நாளைக்கு ஒரு ரப்பர் பிரஸ் வாங்கிப் போட்டு வாஷரையும் கொடுப்பான், நான் தெருவுல நிப்பேன். வேற எப்படிச் சார் நினைக்கிறது? நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க?

நேரா அவன் ஷெட்டுக்குத்தான் வந்தேன். ஹெல்மெட்டைக்கூடக் கழட்டலை. ஆளுங்க எல்லாம் இருக்காங்க. கேட்டுட்டேன்.

"என் பார்ட்டியைப் பிடிக்கப் பார்க்கிறியாடா?"

அவன் கையில ஒரு பிராக்கெட் இருந்துச்சு. ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கிட்டிருந்தான். அவன் ஆளு ஒருத்தன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், இவன் கையைக் காட்டி அடக்கிட்டான்.

"இல்லைய்யா. உன் பார்ட்டி உனக்குத்தான். போய்ச் சாப்பிடு"ன்னான்.

சாப்பிடலைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அப்போ என்னை எவ்வளவு கவனிச்சிருக்கான் பாருங்க!

அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். இவன் எதைக் கொடுங்கன்னு சொல்றானோ, அதைக் கொடுக்காதீங்கன்னு சொல்லணும்னு. "நானும் கமிட்டியில பேசுறேன்"னு சொல்லியனுப்பினேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். என் பேரை அவனே கொடுத்தான்.

கமிட்டி கிண்டியில ஒரு ஹால்ல நடந்துச்சு. தலைமை ஒரு அம்மா, பெரிய ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தாங்க. எல்லார் பேச்சையும் கன்னத்துல கை வெச்சுக் கேட்டாங்க, முகத்துல ஒண்ணும் தெரியாது. முன் வரிசையில சங்கத்து ஆளுங்க, சவரி. பின்னாடி கம்பெனி தொழிலாளிங்க, எல்லாம் அந்த நீலச் சட்டையில. அவங்களுக்கும் பின்னாடி என் ஷெட்டுப் பொம்பளைங்க. சவரிதான் வேன் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருந்தான். கூட்டம் காட்ட.

எனக்கு முன்னாடி பேசினவன் எல்லாம் ஒரே பாட்டு. கொடுங்க, கொடுங்க. ஒரு டீலர் அழுதே விட்டான். என் முறை வந்துச்சு.

நான் எழுந்து சொன்னேன். "அம்மா, மந்தம் கம்பெனிக்கு மட்டும் வரலை, எனக்கும்தான் வந்துச்சு. என் ஷெட் ஒரு நாள் நிக்கலை. ஒரு பொம்பளையை நான் வேலையை விட்டு நிறுத்தலை. நான் எந்தக் கவர்மெண்ட்கிட்டயும் போய்க் கை நீட்டலை. யாரும் வந்து என்னைத் தூக்கி விடலை. என் வேலை சுத்தம், அதனால வேற பார்ட்டி என்னைத் தேடி வந்துச்சு. ஒரு சின்ன ரப்பர் ஷெட்டுக்காரன் தனியா நிக்கிறப்போ, இவ்வளவு பெரிய கம்பெனியைக் கக்கத்துல கை கொடுத்து ஏன் நடத்திட்டுப் போகணும்?"

பேப்பர்காரங்க பக்கம் ஒரே பரபரப்பு. அதுவரைக்கும் தூங்கிக்கிட்டிருந்த ஒருத்தன் எழுந்து போட்டோ எடுத்தான். அந்த அம்மா கன்னத்துலேருந்து கையை எடுத்தாங்க.

"யார் உதவியும் இல்லாமலா?"

"யார் உதவியும் இல்லாம."

நான் சவரியைத்தான் பார்த்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் குனிஞ்சு, நல்லாக் கட்டியிருந்த ஷூ லேஸை அவுத்து மறுபடியும் கட்டினான். குத்தமுள்ளவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதா?

அந்த அம்மா, "செயலாளர் இதுக்கு ஏதாவது பதில் சொல்லணுமா?"ன்னு கேட்டாங்க. ஹாலே அவனைத் திரும்பிப் பார்க்குது. இப்போ வெடிப்பான்னு நினைச்சேன். அவன் எழுந்தான். "அவர் ரொம்ப நல்ல வேலைக்காரர் மேடம். அவர் ஷெட்டைப் பத்தி அவர் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்லை. கம்பெனிக்குக் கைகொடுங்கன்னு மட்டும் கேட்டுக்கிறேன்." உட்கார்ந்துட்டான்.

ஆனா அந்த அம்மா லேசுப்பட்டவங்க இல்லை. என் பக்கம் திரும்பினாங்க. "அப்போ, கம்பெனியை மூடட்டும்னு சொல்றீங்களா?"

நான் அதை யோசிக்கலை சார். கொடுக்காதீங்கன்னு சொல்றது வேற, மூடுங்கன்னு சொல்றது வேற இல்லையா? நீலச் சட்டை எல்லாம் என்னையே பார்க்குது. ஒரு பையன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்திருந்தான், அது வயித்துப் பிள்ளைக்காரி. கை ரெண்டையும் மடியில வெச்சுக்கிட்டு என் வாயையே பார்த்துச்சு. 

"மூடச் சொல்லலைம்மா"ன்னேன். "கொடுக்கிறதா இருந்தா அவன் கையில கொடுக்காதீங்க. வேலை செஞ்சவனுக்கும் சரக்குப் போட்டவனுக்கும் நேரா கொடுங்க. மிச்சத்தை அவன் வெச்சு நடத்தட்டும். அவன் கையில போனா எந்த ஊருக்குப் பறக்கும்னு யாருக்குத் தெரியும்?"

அதை அவங்க எழுதிக்கிட்டாங்க. கடைசியில கவர்மெண்ட் கொடுத்துச்சு சார். கேட்டது பூராவும் இல்லை. கொடுத்ததுலயும் ஒரு கட்டுப்பாடு: எங்க பாக்கியும் தொழிலாளி சம்பளமும் முதல்ல, நேரா எங்களுக்கு. என் வார்த்தை அது! சங்கத்துல ஒருத்தன் ஒப்புக்கமாட்டான். சவரி மட்டும் வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கினான். "நல்லாச் சொன்னேய்யா, எனக்கு இது தோணலை"ன்னான். ஏன் தோணலை? எனக்கு அதுலயும் ஒரு சந்தேகம்தான்.

ஆனா கவர்மெண்ட் காரியம் உங்களுக்குத் தெரியும். அறிவிச்சது ஒரு நாள், வந்தது எப்பவோ. அதுக்கு நடுவுல ஒரு நாள் காலையில நான் ஷெட்டைத் திறக்கிறேன், டம்ளர் ஆடலை. சத்தம் இல்லை. போய்ப் பார்த்தா சவரி மெஷினை எல்லாம் துடைச்சுக் கிரீஸ் தடவிக்கிட்டிருக்கான். ஆளுங்க யாரும் இல்லை.

"என்னய்யா?"

"முடியலைய்யா. பேங்க் நெருக்குது. ஆளுங்க கணக்கை முடிச்சு அனுப்பிட்டேன்."

"பம்ப் கம்பெனிக்கு அடிச்சுக்கிட்டிருந்தியே?"

"கட்டுப்படி ஆகலை. நஷ்டத்துக்குத்தான் அடிச்சேன்."

"நஷ்டத்துக்கு எவனாவது அடிப்பானா?"

"அடிச்சேனே"ங்கிறான்.

நம்புற மாதிரியா இருக்கு? நான் என்ன நினைச்சேன்னா, பணம் வர்ற நேரமாப் பார்த்து மூடுறான், எல்லாத்தையும் சுருட்டிட்டு வேற எங்கேயோ பெரிசா ஆரம்பிக்கப் போறான்னு. பணம் வந்துச்சு. பேங்க் அப்படியே எடுத்துக்கிச்சு. அவன் வல்லத்துக்கு வேலைக்குப் போயிட்டான். டிபன் பாக்ஸ் தூக்கிட்டு. சொந்தமா மூணு பிரஸ் வெச்சிருந்தவன்.

எனக்கு? எனக்கு பாக்கி வந்துச்சு. வெல்காட் மெதுவா ஓட ஆரம்பிச்சுது. இதோ பாருங்க, ஷெட் ஓடுது. நான் வேண்டாம்னு சொல்லியும் வந்துச்சு. அதனால நான் யாருக்கும் கடன்பட்டவன் இல்லை.

அப்போதான் கோயம்புத்தூர்லேருந்து ஒரு போன். பம்ப் கம்பெனி முதலாளி, சின்ன வயசு. "சவரிமுத்தண்ணன் கம்பெனிய மூடிப்போட்டாருங்ளாமா? அப்ப இனி உங்க வாஷர் எங்களுக்கு வேண்டாமுங்க. எங்களுக்கு இங்கயே கெடைக்குதுங்க"ன்னான்.

எனக்குப் புரியலை. "அவனுக்கும் என் வாஷருக்கும் என்ன சம்பந்தம்?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? அவருதானுங்க சொன்னாரு. எத்திராஜுலுகிட்ட வாஷர் எடுத்தாத்தான் பிராக்கெட் அடிச்சுத் தருவேன்னு. உங்க வாஷருக்கு லாரி வாடகையெல்லாம் சேர்ந்தா எங்களுக்குக் கட்டாதுன்னு சொன்னமுங்க. சரி, அதுக்கு ஈடா பிராக்கெட்ல நான் கொறைச்சுக்கறேன்னு சொல்லிட்டாருங்க. அதனாலதானுங்க எடுத்தோம். உங்களுக்குத் தெரியாதுங்ளா?"

நான் கேட்டேன், "அப்போ என் தரம்?"

"தரமெல்லாம் பரவால்லீங்க"ன்னான். பரவால்லையாம்!

அன்னைக்கு ஷெட்டுல போனைக் கையில வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். இதோ இந்தப் பவுனு வந்து, "என்னாச்சு?"ன்னா. சொன்னேன். "எனக்கு முன்னாடியே தெரியும், அந்த அண்ணன் ஷெட்டு ஆளுங்க சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவரு சொல்லியிருந்தாரு"ங்கிறா. ஹால்ல நான் பேசுறப்போ பின்னாடி உட்கார்ந்திருந்த பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும் சார். எல்லாரும் தெரிஞ்சே உட்கார்ந்து கேட்டிருக்காங்க.

ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். மாதா கோயிலுக்குப் போயிட்டு அப்போதான் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை. அவன் வீட்டுக்காரம்மா காபி கொண்டாந்து வெச்சுது. நான் தொடலை.

"ஏன்யா அப்படிப் பண்ணே?"

அவன் கேக்காத மாதிரி ஃபேனைக் கூட்டி வெச்சான். அப்புறம் சொன்னான். "எனக்கு ஆர்டர் இருந்துச்சு. உனக்கு இல்லை. பக்கத்துல உன் ஷெட் மூடிக் கிடக்க, அந்தப் பொம்பளைங்க வாசல்ல வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போக, நான் எப்படிய்யா தினமும் மெஷினைப் போடுறது?"

"ஏன் சொல்லலை?"

"சொன்னா வாங்கியிருப்பியா?"

பதில் சொல்லாம கேள்வியைத் திருப்புறான் பாருங்க.

"ஹால்ல அந்த அம்மா கேட்டாங்களே. அங்கேயாவது சொல்லியிருக்கலாமே. என்னை அங்க வெச்சு ஒரே வார்த்தையில உட்கார வெச்சிருக்கலாமே?"

"அங்க கம்பெனியைப் பத்திதானே பேச்சு. உன்னைப் பத்தி இல்லையே"ன்னான். "காபி ஆறுது, குடி."

நான் குடிக்காம வந்துட்டேன். வந்து ஆண்டாளுகிட்ட சொன்னேன், "இவனுக்கு இதுல என்ன லாபம்னு எனக்குப் பிடிபடலை. ஏதோ இருக்கு." அவ துணி காயப் போட மாடிக்குப் போயிட்டா. சாயந்திரம் வந்து, "நீங்க போய் அவரைக் கூப்பிட்டு ஷெட்டுல கூட வெச்சுக்கலாம்ல?"ன்னா. எப்படிக் கூப்பிடுறது? கூப்பிட்டா, நான் தோத்துட்டேன்னு ஆகாதா? இல்லேன்னா, அவன் இதுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தான்னு ஆகாதா?

நான் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துட்டேன் சார். அவன் என் ஷெட்டைக் கேக்கலை. மெஷினைக் கேக்கலை. பார்ட்டியைக் கேக்கலை. ஒரு நன்றிகூடக் கேக்கலை. கம்பெனிக்காரன் கேட்டான், அவனுக்குப் பணம் வேணும். கவர்மெண்ட் கொடுத்துச்சு, அதுக்கு ஓட்டு கிடைக்கும். இவனுக்கு என்ன இருக்கு? ஒரு மனுஷன் ஏன் இப்படிப் பண்றான்னு காரணம் தெரிஞ்சுட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன். இன்னும் தெரியலை.

அதோ, வர்றான் பாருங்க. முனையில. கட்டம் போட்ட சட்டை, கையில பை. அவன்தான்.

இருங்க, எழுந்திருக்காதீங்க. அவன் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடுறேன். உள்ளே கடைசியில ஒரு பெரிய பிரஸ் இருக்கும். ஓட்டிப் பார்க்கிறப்போ முதல்ல ஒரு மாதிரி உறுமும். பயந்துடாதீங்க, அதைச் சாக்கா வெச்சு விலையையும் குறைக்காதீங்க. இத்தனை வருஷமா சுவத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான். சூடேறினதும் சரியாயிடும். கிளட்ச் புதுசு. எண்ணெய் மாத்துறதுல ஒரு தடவைகூட அவன் நாள் தள்ளினதில்லை. நீங்க மனசுல ஒரு விலை வெச்சுக்கிட்டுத்தான் வந்திருப்பீங்க. அதுக்கு மேலயே போகலாம். அவனாக் கேக்க மாட்டான், வாய் வராது. நீங்களாச் சொல்லுங்க.

நான் ஆளுக்கு சர்டிபிகேட் கொடுக்கிறதில்லை சார். மெஷினுக்குக் கொடுக்கிறேன். எடுத்துக்குங்க.

நான் சொன்னேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க. இவன் எதுக்குச் சொன்னான்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவான்.

வாய்யா சவரி. என்ன, பஸ் கிடைக்கலையா? இவர் ஓசூர்லேருந்து வந்திருக்கார், ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டிருக்கார். இல்லையில்லை, நாங்க ஒண்ணும் பேசலை. சும்மா டீ குடிச்சோம்.